மெழுகுவர்த்தி இரவு

— சட்டையைக் கீழ வைம்மா. கொஞ்ச நேரம் என் முகத்தைப் பாத்துப் பேசு.

— பேசிக்கிட்டுத்தானே இருக்கேன், மியேன். பேச்சுக்குக் காது போதும், கண்ணு ஊசிக்கு வேணும். காலையில முகாம் பஸ் வந்துடும். பேர் தைக்காம அனுப்பினா, அங்க மலையாக் குவிஞ்சு கிடக்கிற பச்சைச் சட்டையில உன் தம்பி எதைன்னு தேடுவான்?

— பதினாலு வயசுப் பையன். தேடட்டும்.

— உனக்குப் பதினஞ்சு வயசுல நான்தான் தச்சுக் குடுத்தேன். வாயைத் திறக்காம வாங்கிக்கிட்டே.

— அதனாலதான் இப்பத் திறக்கிறேன். சாங்கை அந்த முகாமுக்கு அனுப்பாதே.

— தெத் புத்தாண்டுப் பண்டிகைக்கே ரெண்டு நாள் தங்கினவ. படிப்பு, வேலை, நேரமில்லைன்னு ஓடினவ. இதைச் சொல்றதுக்கா சைகோன்லேர்ந்து பஸ் ஏறி வந்தே? போன்ல சொல்லியிருக்கலாமே.

— போன்ல சொன்னேன். சரியாக் கேக்கலைன்னு வச்சிட்டே.

— மழை. ஆத்தங்கரை வீட்டுல மழை நாள்ல எது கேக்குது?

— திரும்பக் கூப்பிட்டேன். அப்பவும் வச்சிட்டே. அப்ப மழை இல்லை.

— சரி, வந்துட்டே. உக்காரு. சோறு இருக்கு, காலையில வச்ச மீன் குழம்பு இருக்கு.

— பசிக்கலை.

— சைகோன் போனவங்க யாருக்குத்தான் பசிக்குது? கேளு. நான் ஒண்ணும் அவனை ஜெயிலுக்கு அனுப்பலை. ஸ்கூல் மூடின அன்னிக்கு அந்த ரூம் கதவும் மூடினதுதான். போனைப் பிடிச்சுக்கிட்டுப் படுத்துக் கிடக்கான். தட்டைக் கொண்டுபோய்க் குடுத்தா வாங்கிக்கிறான், காலித் தட்டை வெளியே வைக்கிறான். நான் பெத்தது பிள்ளையா, லாட்ஜ்ல தங்க வந்த ஆளான்னு தெரியலை. அங்க போனா முதல்ல போனைப் பிடுங்கி வச்சிடுவாங்க. விடியறதுக்கு முன்னாடி எழுப்பி ஓட விடுவாங்க. தன் துணியைத் தானே துவைக்கணும். நீந்தக் கத்துக் குடுக்கறாங்க, அடிபட்டா கட்டுப் போடக் கத்துக் குடுக்கறாங்க. எல்லாம் பட்டாளத்து ஆளுங்க. எதிர் வீட்டு லுவாவோட பையன் போன வருஷம் போயிட்டு வந்து போர்வையைச் செங்கல் மாதிரி மடிச்சு வச்சான். தெருவே போய்ப் பாத்துட்டு வந்துச்சு.

— எத்தனை நாள் மடிச்சான்?

— அதை ஏன் கேக்கறே.

— எத்தனை நாள்?

— ஒரு வாரம்னு லுவாவே சொல்லுவா. இப்பப் போர்வை எது, பையன் எதுன்னு தெரியாம ஒரே சுருட்டலாத்தான் கிடக்கு.

— அந்த ஒரு வாரத்துக்கா அனுப்பறே?

— மடிக்கிறதை மறந்துட்டான். ஆனா முகாம் முடிஞ்ச அன்னிக்கு பெத்தவங்களை வரிசையா உக்கார வச்சு, பிள்ளைங்களை விட்டுக் காலைக் கழுவச் சொன்னாங்க பாரு, அதை லுவா இன்னும் சொல்லிக்கிட்டு இருக்கா. அவ வீட்டுக்காரர் லாரி ஓட்டிக் காய்ஞ்ச மனுஷன். அந்த ஆளு தேம்பித் தேம்பி அழுதாராம். பதிமூணு வருஷமாத் தொட்டுப் பேசாத பிள்ளை காலைத் தொட்டா அழமாட்டாரா?

— உனக்கும் கழுவணும்னு ஆசையா?

— எனக்கு எதுக்கு? காலையில எழுந்தா கடை அடுப்புக் கரிக்குள்ள நிக்கிற காலு. கழுவினா தண்ணிதான் கறுப்பாகும்.

— நான் கழுவியிருக்கணும். நான் முகாமுக்குப் போனப்பவும் அது உண்டு. அன்னிக்கு நம்ம வீட்டுல யாருக்கும் காலைக் கழுவ நேரமில்லை.

— அதை விடு.

— ஆறு வருஷமா விட்டுத்தான் வச்சிருக்கேன்.

— நீயே சொல்லு. அங்க ஒண்ணுமே கத்துக்கலையா நீ? திரும்பி வந்த நாள்லேர்ந்து தட்டுல ஒரு பருக்கை மிச்சம் வச்சதில்லை.

— கத்துக்கிட்டேன். சோத்தை மிச்சம் வைக்காம இருக்க அங்கதான் கத்துக்கிட்டேன். நீந்தவும் அங்கதான். முகாம் மோசம்னு நான் எப்பவாவது சொன்னேனா? நல்லா இருந்துச்சும்மா. பொண்ணுங்க எல்லாம் வரிசையாப் பாய் போட்டுப் படுத்துக்கிட்டு வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிப்போம். காவலுக்கு வர்றவர் டார்ச் அடிச்சாத் தூங்கற மாதிரி நடிப்போம். அவர் அந்தப் பக்கம் போனதும் திரும்பவும் சிரிப்போம். வயிறு வலிக்கச் சிரிச்சிருக்கேன். அந்த நேரத்துல இங்க அப்பாவுக்கு எங்க வலிச்சுதுன்னு எனக்குத் தெரியாது. அந்தச் சிரிப்பை நான் எங்கம்மா கொண்டுபோய் வைக்கிறது?

— சாங்குக்கு அந்த மாதிரி ஒண்ணும் இல்லை. லீவுக்குப் பிள்ளைங்க போற மாதிரி இவனும் சும்மா போறான்.

— சும்மாவா?

— சும்மாதான்.

— அடுப்படியில ஊறுகாய் ஜாடி எல்லாம் கவுத்து வச்சிருக்கே.

— கழுவினேன். கழுவின ஜாடியைக் கவுக்காம நிமித்தியா வைப்பாங்க?

— நீ இந்த நொய்யரிசிச் சோத்துக் கடை போட்ட நாள்லேர்ந்து அந்த ஜாடிங்க காலியாகி நான் பாத்ததில்லை. ஒண்ணு தீர்றதுக்குள்ள இன்னொண்ணு ஊறும். நீ காய்ச்சல்ல கிடந்தப்பக் கூட என்னை உக்கார வச்சு முள்ளங்கி நறுக்க வச்சே. 'கறி இல்லைன்னா சனங்க மன்னிச்சிடுவாங்க, ஊறுகாய் இல்லைன்னா அடுத்த கடைக்குப் போயிடுவாங்க'ம்பே. இன்னிக்கு எல்லாம் கவுந்து கிடக்கு. அப்போ நாளைக்குக் கடை இல்லை. நாளன்னிக்கும் இல்லை.

— ஏன், நான் ஓய்வு எடுக்கக் கூடாதா? நான் என்ன கல்லா?

— அந்த ஜாடிங்க இதுக்கு முன்னாடி ஒரே ஒரு தடவைதான் கவுந்துச்சு. நான் முகாமுக்குக் கிளம்பின அன்னிக்கு. அப்பவும் 'கழுவினேன்'னுதான் சொன்னே.

— நூல் தீந்துடுச்சு. அந்தப் பச்சை நூல்கண்டை எடு.

— எடுத்துத் தர்றேன். இந்தத் தடவை யாரும்மா?

— என்ன யாரு?

— அன்னிக்கு அப்பா. இன்னிக்கு யாரு?

— ஊசியில கோத்துக் குடு. வெளிச்சம் பத்தலை, எனக்குக் கண்ணு தெரியலை.

— அம்மா.

— கட்டி. கர்ப்பப்பையில. சின்னதுதான்னு சொல்றாங்க. அறுத்து எடுத்துடணுமாம். எடுத்துப் பாத்தாத்தான் நல்ல கட்டியா, கெட்ட கட்டியான்னு தெரியுமாம். உங்க துயெத் அத்தை கூட வந்து இருக்கேன்னு சொன்னா. சாங் முகாம் முடிஞ்சு வர்றதுக்குள்ள நானும் வீடு வந்து சேந்துடுவேன். அவனுக்குத் தெரியவே வேண்டாம். உனக்கும் தெரிய வேண்டாம்னுதான் நினைச்சேன். போதுமா? இப்பக் கோத்துக் குடு.

— உனக்கு எப்பத் தெரியும்?

— மழை பிடிக்கிறதுக்கு முன்னாடி.

— முகாமுக்கு அவன் பேரைக் குடுத்தது?

— அதுக்கப்புறம்.

— அப்போ அந்தப் போன், கதவு, நீச்சல் எல்லாம்?

— அதெல்லாமும் நிஜம்தான். பொய் சொல்ல வேண்டியவளுக்கு நிஜமான காரணம் கையில கிடைச்சா விடுவாளா?

— என்னைக் கூப்பிட்டிருக்கலாம்.

— உனக்குப் பரீட்சை.

— பரீட்சை முடிஞ்சு எத்தனையோ நாளாச்சு.

— முடிஞ்சுதுன்னு நீயும்தான் சொல்லலை.

— சரி. அது என் தப்பு.

— தப்பு ஒண்ணும் இல்லை. அது அப்படித்தான். நீ அங்க, நான் இங்க. கேளு மியேன். சாங் ஏற்கெனவே ஒரு சாவைப் பாத்தவன். எட்டு வயசுல. உன்னை அனுப்பினேன், பெரியவ, எல்லாம் புரியும், தாங்க மாட்டான்னு. அவனைச் சின்னவன், புரியாதுன்னு வீட்டுலயே விட்டுட்டேன். அவன் கட்டில்கிட்ட உக்காந்து எல்லாத்தையும் பாத்தான். நான் விட்டா வாயை மூடிக்கிற அப்பா, அவன் ஸ்பூன்ல தண்ணி விட்டா வாங்கிக்கிட்டார். அப்பா படத்தைத் தூக்கிக்கிட்டுச் சவப்பெட்டிக்கு முன்னாடி நடந்தான். படம் அவன் உசரத்துல பாதி இருந்துச்சு. திரும்பவும் அந்த மாதிரி ஒரு கட்டிலை அவன் பாக்கணுமா? அதுவும் அம்மாவை?

— அவன் நல்லாத் தூங்கறானா?

— என்ன கேள்வி இது? இடி விழுந்தாலும் தூங்குவான்.

— அப்பாவைப் பத்திப் பேசுவானா?

— திடீர் திடீர்னு பேசுவான். இன்னும் அப்பாவை 'டிரைவர்'னுதான் சொல்லுவான். நான் சோத்துல மீன் சாஸ் ஊத்தினா, 'டிரைவர் இவ்வளவு ஊத்த மாட்டாரும்மா'ம்பான். படத்துக்கு ஊதுபத்தி வைக்கிறப்ப, 'என்னா டிரைவரே, இன்னிக்கு ரோட்டுல கூட்டமா'ன்னு கேப்பான். அடக்கம் இல்லாத பய.

— நான் அப்பாவைப் பத்திப் பேசிக் கேட்டிருக்கியா?

— நீ எப்பவுமே கம்மியாப் பேசறவ.

— கேட்டிருக்கியா?

— இல்லை.

— கூட இருந்து பாத்தவன் பேசறான். பாக்கக் கூடாதுன்னு நீ அனுப்பி வச்சவளுக்கு வாய் வரலை. எனக்கு அப்பான்னா வாசல்ல நாற்காலி போட்டு உக்காந்து கையாட்டின ஒரு ஆளு. அதுக்கப்புறம் ஒரு சவப்பெட்டி. நடுவுல ஒண்ணுமே இல்லை. சைகோன்ல ராத்திரி முழிச்சுக்கிட்டுக் கிடந்து அந்த நடுவை நானா நிரப்பிப் பாக்கறேன். கட்டிலை எங்க போட்டிருந்தே, ஜன்னல் பக்கமா, சுவத்துப் பக்கமா? அவர் கடைசியா என்ன சாப்பிட்டாரு? எனக்குத் தெரியாது. எட்டு வயசுப் பையனுக்குத் தெரியும்.

— ஜன்னல் பக்கம். ரோடு தெரியணும்னார். பஸ் போற சத்தம் கேட்டா எந்தக் கம்பெனி பஸ்ஸுன்னு சொல்லுவார்.

— பாரு. இதை இன்னிக்குத்தான் சொல்றே.

— நீ கேக்கலை.

— நான் கேக்கலை. நீ சொல்லலை.

— அங்க என்ன பாக்கறே?

— ஜன்னலைப் பாத்துக்கிட்டு இருக்கேன்.

— மழை வரும்போல இருக்கு.

— அம்மா, முகாம் முடியறதுக்கு முந்தின ராத்திரி எங்களை மைதானத்துல உக்கார வச்சு ஆளுக்கொரு மெழுகுவர்த்தி குடுத்தாங்க.

— தெரியும். போன்ல நேராவே காட்டினாங்களே. எல்லாப் பெத்தவங்களும் பாத்தோம்.

— படத்தைப் பாத்திருப்பே. மைக்ல பேசினவர் என்ன சொன்னாருன்னு கேட்டியா?

— பாட்டுத்தான் பெருசாக் கேட்டுச்சு.

— 'கண்ணை மூடுங்க பிள்ளைங்களா. நீங்க வீடு திரும்புறீங்க. உங்க வாசல்ல வெள்ளைத் துணி தொங்குது. உள்ள கூட்டமா இருக்கு. யாரு படுத்திருக்காங்கன்னு கிட்டப் போய்ப் பாருங்க. நேத்து வரைக்கும் உங்களைத் திட்டின அம்மா. கேட்டதை வாங்கிக் குடுத்த அப்பா. இனிமே மன்னிப்புக் கேக்க முடியுமா?' இதமான குரலும்மா. தாலாட்டுற மாதிரி. அத்தனை பிள்ளைங்களும் ஒரே ஓலம். எனக்குப் பக்கத்துல இருந்தவ மயங்கி விழுந்தா, தூக்கிட்டுப் போனாங்க. மறுநாள் மத்தியானம் நம்ம தெரு முனையில நான் பஸ்ஸை விட்டு இறங்கறேன். வாசல்ல வெள்ளைத் துணி தொங்குது. உள்ள கூட்டமா இருக்கு. முந்தின ராத்திரி கண்ணை மூடிப் பாக்கச் சொன்னதை மறுநாள் கண்ணைத் திறந்து பாத்தேன்.

— நீ இதைச் சொன்னதே இல்லையே.

— எங்கேர்ந்து சொல்றது? வீட்டுல இல்லாத பிள்ளையோட துக்கத் துணியைத் தட்டுல வச்சு, சவப்பெட்டிக்கு முன்னாடி வைப்பாங்க இல்ல? நான் உள்ள வந்தப்ப எல்லார் தலையிலயும் வெள்ளைத் துணி கட்டியிருந்துச்சு. உன் தலையில, அத்தை தலையில. ஒரு துணி மட்டும் தட்டுல. அது என்னோடதுன்னு எனக்குப் புரியலை. யாரோ மறந்து வச்சிட்டுப் போன மாதிரி பாத்துக்கிட்டே நின்னேன். சாங்தான் எடுத்துக் குடுத்தான். 'அக்கா, இது உன்னோடது. காலையிலேர்ந்து தட்டுலயே கிடக்கு'ன்னான்.

— நான்தான் அதை வச்சேன். என் கையாலதான் கிழிச்சேன். உன் அளவு தெரியாம நீளமாக் கிழிச்சிட்டேன்.

— முதுகுல தொங்கிச்சு.

— மியேன், நான் ஒண்ணு கேக்கவா? இத்தனை வருஷமாக் கேக்காம வச்சிருந்தது.

— கேளு.

— அந்த மெழுகுவர்த்தி ராத்திரியை நானும் அப்பாவும்தான் பாத்தோம். இனி வீட்டுக்குக் கொண்டுபோயிடுங்கன்னு ஆஸ்பத்திரியில சொல்லிட்டாங்க. கட்டில்ல தலகாணியைச் சாச்சு அதுல போனை வச்சிருந்தேன். காமிரா ஒவ்வொரு பிள்ளை முகமாப் போய்க்கிட்டு இருக்கு. எல்லாம் அழுது வீங்கிக் கிடக்குதுங்க. உன் முகம் வந்துச்சு. காஞ்ச முகம். கண்ணுல ஒரு சொட்டு இல்லை. மெழுகுவர்த்தியை வெறிச்சுப் பாத்துக்கிட்டுக் கல்லு மாதிரி உக்காந்திருக்கே. யார் யாரு வீட்டுப் பிள்ளையோ அழுவுது, என் வயித்துல பொறந்தது அழலை. உனக்கு ஒண்ணும் தெரியாது, மறைச்சது நான்தான், அது எனக்குத் தெரியாதா? தெரிஞ்சும் ஒரு கோவம். இங்க ஒரு மனுஷன் போய்க்கிட்டு இருக்கான், அங்க பொண்ணு கல்லா உக்காந்திருக்காளேன்னு. அது போகவே இல்லை. நீ படிக்கப் போறேன்னப்ப 'போ'ன்னு ஒரே வார்த்தையில சொன்னேனே, அதுக்குள்ளயும் அந்தக் கோவம்தான் இருந்துச்சு. ஏன்டி நீ அழலை?

— அப்பா பாத்தாரா என் முகத்தை?

— பாத்தார். சிரிச்சார்.

— சிரிச்சாரா?

— ஜன்னி கண்டிருந்துச்சு. விரலைத் தூக்கி உன் முகத்தைக் காட்டி, 'சொன்ன சொல்லைக் காப்பாத்துறா பாரு'ன்னார். யாரு, என்ன சொன்னாங்கன்னு கேட்டேன். கண்ணை மூடிக்கிட்டார். அதுக்கப்புறம் பேச்சு இல்லை. விடியறதுக்கு முன்னாடி போயிட்டார்.

— திருப்பிச் சொல்லு.

— எதை?

— அப்பா சொன்னதை. அப்படியே சொல்லு.

— 'சொன்ன சொல்லைக் காப்பாத்துறா பாரு.' ஏன்? மியேன்? என்ன இது, ஏன் இப்படி அழறே? தண்ணி குடி. இந்தா. தண்ணி குடி முதல்ல.

— ஜன்னி இல்லம்மா அது.

— என்ன சொல்றே?

— அவர் என்கிட்ட சொல்லிட்டாரு. நான் கிளம்பறதுக்கு முந்தின நாள். நீ சந்தைக்குப் போயிருந்தே. கூப்பிட்டு உக்கார வச்சாரு. 'உனக்குக் கண்ணு இருக்கு, என் கண்ணு எப்படி மஞ்சளாக் கிடக்குன்னு நீயும் பாக்கறே. நான் பிழைக்க மாட்டேன்'னாரு. நான் போக மாட்டேன்னு சொன்னேன். அதுக்கு அவர் சொன்னாரு, 'உங்கம்மா எல்லாத்தையும் தூக்கிச் சுமக்கிறா. உனக்கு ஒண்ணும் தெரியாதுங்கிற ஒண்ணைப் பிடிச்சுக்கிட்டுத்தான் நிக்கிறா. அதையும் பிடுங்கிட்டா விழுந்துடுவா. போயிட்டு வா. கடைசி ராத்திரி அங்க அழ வைப்பாங்களாம், படம் பிடிச்சு அனுப்புவாங்களாம். எல்லாரும் அழுவாங்க. நீ அழாதே. நீ ஆரம்பிச்சா நிறுத்த மாட்டே. அதைப் பாத்தா உனக்குத் தெரியும்னு அவளுக்குத் தெரிஞ்சிடும். சொல்லு, அழமாட்டேன்னு சொல்லு.' சொன்னேன்.

— மஞ்சக் காமாலை, மருந்து குடிச்சாப் போயிடும்னு நான் சொன்னப்பத் தலையாட்டினியே.

— உன் குரல் நடுங்கிச்சு. ஆட்டினேன்.

— பஸ் ஏறப் போறப்ப, 'வந்ததும் ரெண்டு பேரும் படித்துறைக்குப் போய் நூடுல்ஸ் சாப்பிடலாம்ப்பா'ன்னு கத்திச் சொன்னியே.

— உனக்குக் கேக்கணும்னு.

— அவரும் சரின்னு கையாட்டினார்.

— அதுவும் உனக்காகத்தான்.

— நான் அந்தப் பக்கம் திரும்பி நின்னு அழுதேன். ரெண்டு பேருக்கும் ஒண்ணும் தெரியலையேன்னு.

— அம்மா, ஊசியைக் கீழ வை. கையில குத்திக்கப் போறே.

— குத்திட்டேன். பரவாயில்லை. நான் உன்னைக் கல்லுன்னு நினைச்சேன்டி.

— கல்லாத்தான் இருக்கணும்னு சொல்லிட்டுப் போனாரு.

— தப்புப் பண்ணிட்டோமா, மியேன்?

— தெரியலை. நல்லதுன்னுதான் ஒவ்வொருத்தரும் நடிச்சோம். நீ எனக்காக, நான் உனக்காக, அப்பா நம்ம ரெண்டு பேருக்காக. அதுல அவரோட கடைசி நாளுங்க போச்சு. நீ கூட இருந்தே, சாங் கூட இருந்தான். நான் மட்டும் எங்கேயோ போர்வை மடிச்சுக்கிட்டு இருந்தேன்.

— இப்ப என்ன பண்ணச் சொல்றே?

— அவன்கிட்ட சொல்லு. நான் இங்கதான் இருக்கப் போறேன். காலையில நான் ஆஸ்பத்திரிக்கு வர்றேன், சாயங்காலம் அவன் வரட்டும். சோறு எடுத்துட்டு வரட்டும். உனக்குத் தலை வாரி விடட்டும். உன் நைட்டியை அலசிப் போடட்டும். பிள்ளைங்க ஏதாவது கத்துக்கணும்னா அதைவிட என்ன இருக்கு? துணி துவைக்கத்தானே அங்க அனுப்பறே?

— என் துணியை அவன் துவைக்கிறதா? நல்லா இருக்கு.

— காலைக் கழுவினா மட்டும் நல்லா இருக்குமா? காமிராவுக்கு முன்னாடி கழுவறதைவிட இது மேல்.

— உன் வாய் அப்படியே டிரைவர் வாய். ஆனா அவன் சந்தோஷமா இருக்கான், மியேன். அதைக் கெடுக்க மனசு வரலை. முகாம்னு சொன்னதும் குதிப்பான், கதவை அறைவான்னு நினைச்சேன். ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசலை. 'சரிம்மா, அவ்வளவுதானே'ன்னான். பையைக் கூட அவனே கட்டினான். என்னைத் தொட விடலை.

— சாங்கா?

— ஆமா. தின்ன தட்டைக் கழுவாதவன் பையைக் கட்டி வச்சிருக்கான். முடி வெட்டிக்கப் போயிருக்கான். கதவு சத்தம், வந்துட்டான் பாரு. மூஞ்சியைத் துடை. இந்தா, இந்தச் சட்டையிலயே துடை.

— அக்கா! எப்ப வந்தே? இங்க பாரு தலையை. மிஷினை வச்சு ஒரே இழு, அவ்வளவுதானே. காத்து நேரா மூளைக்குப் போகுது.

— இருந்தாத்தானே போகும்.

— அப்படிப் போடு. சைகோன்ல இருந்து நக்கல் மட்டும் வாங்கிட்டு வந்திருக்கே, தின்ன ஒண்ணும் இல்லையா? என்ன, ரெண்டு பேர் கண்ணும் சிவந்து கிடக்கு?

— வெங்காயம் உரிச்சோம்.

— நாளைக்குத்தான் கடை இல்லையே. எதுக்கு வெங்காயம்?

— கடை இல்லைன்னு உனக்கு யாருடா சொன்னா?

— யாரும் சொல்லலைம்மா. ஜாடி கவுந்திருக்கு, அவ்வளவுதானே.

— சாங், இங்க வா. அம்மா பக்கத்துல உக்காரு. உன்கிட்ட ஒண்ணு பேசணும். முதல்ல அந்தப் பையைக் கொண்டா, இந்தச் சட்டையை வச்சிடறேன்.

— குடு, நானே வச்சுக்கிறேன்.

— கையில தச்சு முடிச்சது, கசங்காம வைக்கணும். கொண்டா.

— நானே வச்சுக்கிறேம்மா.

— அம்மா கேக்கறாங்க இல்ல, குடுடா.

— சரி. மேலாக வை. அடியில கலைக்காதே.

— கலைச்சா என்ன? சோப்பு, துண்டு, செருப்பு. எவ்வளவு ஒழுங்கா அடுக்கியிருக்கான் பாரேன். இது என்னது? வெள்ளைத் துணி. முகாம்ல கொண்டு வரச் சொன்ன சாமான்ல இது இல்லையே.

— அது இருக்கட்டும். மடிச்சு வச்சிடு.

— நீளமாக் கிழிச்சிருக்கே. சாங்? எதுக்குடா இது?

— அக்காவோடது அன்னிக்குக் காலையிலேர்ந்து தட்டுலயே கிடந்துச்சும்மா. என்னோடது அப்படிக் கிடக்க வேண்டாம்னுதான், கையோட கொண்டு போறேன்.